திரும்பி வந்தோரின் விசுவாசம்

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் பாகலூரைக் கடந்தே கர்நாடக எல்லையைத் தொடுகின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க் கடைப் பலகையில் அருகருகே அமர்ந்து பேசிக்கொள்ளும் ஊர் இது. ஒருபுறம் கேழ்வரகும் முட்டைக்கோசும் விளையும் செம்மண் நிலம். மறுபுறம் ஏற்றுமதிக்கென ரோசாப் பூக்களை வளர்க்கும் பசுமைக்குடில்கள். விடியுமுன்னே ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஏராளம். அவர்களுள் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் மாற்றுத் துணியோடு ஒரு செபமாலையும் இருந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வாயிற்படி ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒருவரைக் கண்டேன். நாற்பது வயதிருக்கும். ஆலையில் ஆட்குறைப்பு, வட்டிக் கடன், அடுத்தடுத்து வீட்டில் நோய். முதலில் செபம் நின்றதாம்; பிறகு ஞாயிறு நின்றதாம்; அதன்பின் கடவுளின் பெயரைச் சொன்னாலே கசப்பு ஊறியதாம். பூசை முழுவதையும் வெளியில் நின்றே கேட்டிருக்கிறார். உள்ளே வந்திருக்கலாமே என்றேன். “மூணு வருசமாக் கோயில் பக்கமே வராதவன் ஐயா நான். கஷ்டம் வந்தப்ப ஓடிப் போயிட்டு, இப்ப உள்ள வந்து உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல இயலவில்லை. தோளில் கைவைத்து ஏதோ சொன்னேன். வீடு திரும்பியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. துன்பத்தில் நிலைத்து நின்றவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நிலைத்து நிற்க இயலாமல் போய், பிறகு திரும்பி வந்தவர்களைப் பற்றி நம் மேடைகளில் எவ்வளவு பேசியிருக்கிறோம்? அவர்களது வரலாறு தொலைவில் இல்லை. பாகலூர் மண் எந்த அரசின் எல்லைக்குள் இருந்ததோ, அந்த அரசின் தலைநகரிலேயே அது நடந்தது.

எல்லை நிலத்தின் கதை

இன்று கிருஷ்ணகிரி மாவட்டமாக இருக்கும் பகுதி இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு படைகளுக்கு நடுவே கிடந்த நிலம். கிழக்கிந்தியக் கம்பெனியும் மைசூர் அரசும் நான்கு முறை போரிட்டன. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மலைக்குக் கீழே இருந்த பாரமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்குப் போயின. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாகலூர் முதலிய ஊர்களைக் கொண்ட மேட்டு நிலமோ 1799 வரை திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே இருந்தது. ஆகவே 1784க்கும் 1799க்கும் இடையே மைசூர் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்தது, இந்த மேட்டு நிலத்துக்கும் சொந்தமான வரலாறு.

மைசூர் நாட்டில் கிறிஸ்தவம் அப்போது புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இத்தாலிய இயேசு சபைத் துறவி லெயொனார்தோ சின்னாமி சீரங்கப்பட்டணம் சென்று மறைப்பணியைத் தொடங்கிவிட்டார். அந்த மைசூர்ப் பணித்தளத்தின் கிளைகள் இன்றைய தருமபுரி மாவட்டம் வரை பரவின. ஆனால் 1759இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளெமெந்து அச்சபையையே கலைத்தார். முதிய குருக்கள் ஒவ்வொருவராக இறந்தபோது அவர்களது இடத்துக்கு வர ஆளில்லை. துன்பம் வந்து கதவைத் தட்டியபோது, உள்நாட்டுச் சபைகள் ஏற்கெனவே மேய்ப்பர் குறைந்த மந்தையாக இருந்தன.

1784இல் நடந்தது

இரண்டாம் ஆங்கில–மைசூர்ப் போரின்போது, 1783இல், ஜெனரல் மாத்யூஸ் தலைமையில் வந்த கம்பெனிப் படை பெத்னூரையும் மங்களூரையும் கைப்பற்றியது. திப்பு சுல்தான் படையெடுத்து வந்து அவற்றை மீட்டார். மங்களூர்க் கோட்டையின் நீண்ட முற்றுகை 1784 சனவரியில் முடிந்தது. கன்னடக் கரையோரத்தில் வாழ்ந்த கொங்கணி மொழிக் கத்தோலிக்கர் ஆங்கிலேயருக்கு உதவினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பிப்ரவரி இறுதியில், சாம்பல் புதனை ஒட்டிய நாட்களில், அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடிக்க ஆணை பிறந்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். நிலங்கள் பறிமுதலாயின. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, 27 ஆலயங்கள் என்பது மங்களூர் மரபு சொல்லும் கணக்கு. மக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து சீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். வழியிலேயே இறந்தவர்கள் பலர். பிடிபட்டோரின் தொகையை 30,000 முதல் 80,000 வரை வெவ்வேறு ஏடுகள் வெவ்வேறாகச் சொல்கின்றன. அங்கே ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, இளைஞர்கள் படைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டனர்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வரலாற்றை ஒரு சமயத்தார் மீது மற்றொரு சமயத்தார் கொண்ட பகையாக மட்டும் படிப்பது உண்மைக்குப் பொருந்தாது. குடகரும் மலபார் நாயர்களும் அதே கோட்டைக்குச் சிறைப்பட்டு வந்தனர். எதிர்த்த மக்களை வேரோடு பெயர்ப்பது அந்தப் போர்க்கால அரசியலின் முறையாக இருந்தது. 1791இல் மராட்டியப் படையால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்குப் பொருளும் ஆறுதல் மடல்களும் அனுப்பியவரும் இதே திப்பு சுல்தானே. நம் பக்கத்திலும் கறை உண்டு. கன்னடக் கரைக்கு வந்து குடியேறிய கொங்கணிக் கத்தோலிக்கரின் முன்னோருள் ஒரு பகுதியினர், கோவாவில் 1560 முதல் நடந்த சமய விசாரணை மன்றத்தின் கெடுபிடிக்கு அஞ்சியும் ஊரை விட்டவர்கள். மனச்சான்றின்மேல் வாளை வைப்பவர் எவராயினும் அது பிழையே. இக்கட்டுரையின் கவலை வாளைப் பிடித்தவரைப் பற்றியதன்று. வாளின் கீழ் நின்றவரைப் பற்றியது.

துபுவா கண்ட காட்சி

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். சிறைப்பட்டோரைத் தேடிச் செல்ல ஒரு குருவானவர் தேவைப்பட்டார். அப்படிச் சென்றவர் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த அபே துபுவா. பிரெஞ்சுப் புரட்சியின் புயலில் திருச்சபை அல்லாடிக்கொண்டிருந்த 1792ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர் அவர். புதுச்சேரிப் பணித்தளத்தில் தமிழ் மக்களிடையே உழைத்தார்; நாட்டு உடை உடுத்தி, நாட்டு உணவு உண்டு வாழ்ந்தார். சீரங்கப்பட்டணத்தின் பொறுப்பிலிருந்த ஆர்தர் வெல்லஸ்லியின் அழைப்பின்பேரில் மைசூர் நாட்டுக்குச் சென்றார்.

இந்து மக்களின் வழக்கங்களைப் பற்றி அவர் பெயரில் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் பெரும்பகுதி கேர்து என்ற பழைய இயேசு சபைத் துறவியின் கையெழுத்துப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் 1987இல் நிறுவினார். ஆகவே துபுவாவின் எழுத்தை எடைபோட்டே படிக்க வேண்டும். ஆனால் சீரங்கப்பட்டணத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுதியது இன்னொருவரிடம் கடன் வாங்கியதன்று. அவர்களை அவர் நேரில் கண்டவர். அவர்களது பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர்.

அவர் சொல்வது கேட்க இனிமையானதன்று. 60,000க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர் என்கிறார். அத்தனை பேரில் ஒருவர்கூட முன்வந்து விசுவாசத்தை அறிக்கையிட்டு மறைசாட்சியாகச் சாகவில்லை என்று வேதனையோடு எழுதுகிறார். ஒட்டுமொத்தமாக மறுதலித்தனர் என்பதே அவரது தீர்ப்பு. இன்னொரு முறை இத்தகைய சோதனை வந்தாலும் விளைவு இப்படித்தான் இருக்கும் என அஞ்சுவதாகவும் குறிப்பிடுகிறார்.

ஆனால் அதே பக்கத்தில் அவர் பதிவுசெய்யும் மற்றொரு செய்தி உண்டு. அச்சம் நீங்கியதும் அந்த மக்கள் திரும்பி வந்தனர். தங்கள் மறுதலிப்பு புறத்தளவில் நிகழ்ந்தது என்றும், உள்ளத்தில் கிறிஸ்துவை விடவில்லை என்றும் சொல்லித் திருச்சபையோடு ஒப்புரவாக்கும்படி கேட்டனர். ஏறத்தாழ 2,000 பேர் அவரிடமே வந்தனர். 20,000 அளவுக்கு மக்கள் மங்களூர்ப் பகுதிக்குத் திரும்பித் தங்கள் ஆலயங்களை மறுபடி எழுப்பினர்.

பதினைந்து ஆண்டுகள்! 1784இல் தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு மலையேறிய ஐந்து வயதுச் சிறுவன், 1799இல் இருபது வயது இளைஞன். அவனுக்குத் திருப்பலி நினைவில்லை. குருவானவரின் முகம் நினைவில்லை. அவன் உடலில் ஒரு புதிய அடையாளம். அவனை அழைக்க ஒரு புதிய பெயர். ஆயினும் அப்படிப்பட்டவர்களும் சேர்ந்தே அந்தக் கூட்டம் துபுவாவிடம் வந்தது என்றால், இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் யாரோ அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆலயம் இல்லாத இடத்தில், குருவானவர் இல்லாத காலத்தில், அந்த வேலையைச் செய்யக் குடும்பத்தைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? மறைசாட்சிகள் இல்லை என்று எழுதிய துபுவாவின் கண்ணுக்கு, இருட்டில் சிலுவை அடையாளம் சொல்லிக்கொடுத்த தாய்மார்கள் புலப்படவில்லை போலும்.

எளிதில் கிடைத்த திரும்புதலா?

ஆபத்து நீங்கிய பிறகு திரும்புவதில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தத் திரும்புதலின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களது நிலங்கள் பதினைந்து ஆண்டுகளாகப் பிறர் கையில் இருந்தன. அவர்கள் விட்டுச் சென்ற ஆலயங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. உடலில் சுமந்த அடையாளத்தை எந்த நீராலும் கழுவ இயலாது. சீரங்கப்பட்டணத்திலேயே புதிய பெயரோடு தொழில் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அப்படித் தங்கிவிட்டவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, “நான் மறுதலித்தவன்” என்று இன்னொரு மனிதர் முன் வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. வீழ்ந்தவனுக்கு வாளைவிடக் கொடியது அந்த வெட்கமே. பாகலூர் வட்டாரத்து வாயிற்படியில் நின்ற என் நண்பரைத் தடுத்ததும் அதுவே அல்லவா?

துபுவாவின் வாழ்வும் இதில் ஒரு பாடம். அவர் நம்பிக்கை நிறைந்த மனிதர் அல்லர். தம் நீண்ட பணிக்காலத்தில், ஒரு நாட்டுக் குருவின் துணையோடு தாம் மனந்திருப்பியவர்கள் 200 முதல் 300 பேர் வரையே என்று வெளிப்படையாக எழுதினார். இந்நாட்டில் மறைபரப்புக்கு எதிர்காலம் இல்லை என்ற முடிவுக்கே வந்தார். 1823இல் இலண்டனில் அச்சான அவரது மடல்கள் அதைத்தான் சொல்கின்றன. எனினும் அவர் 1823 வரை இங்கேயே இருந்தார். வீழ்ந்து திரும்பிய மக்களை ஒன்று சேர்த்தார். ஹாசன் அருகே சத்தள்ளியில் அவர்களுக்கு வேளாண்மைக் குடியிருப்பு அமைத்தார். அம்மை நோய் ஊரைச் சூறையாடிய காலத்தில் அம்மைத் தடுப்பு முறையைப் பரப்பினார். சீரங்கப்பட்டணத்தின் கஞ்சாம் பகுதியில் அவர் பெயரால் அறியப்படும் ஆலயம் இன்றும் நிற்கிறது. இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் செப்டம்பர் 8ஆம் நாள் விழாவுக்குச் செல்கின்ற பெங்களூர் சிவாசிநகர் மரியன்னைப் பேராலயமும், அவர் காலத்தில் எளிய சிற்றாலயமாகத் தொடங்கியதே. தாம் வெற்றி காணவில்லை என்று நினைத்த மனிதர் நட்ட செடிகள் இவை. பலன் தெரியாமலும் பணியை விடாதிருப்பது விசுவாசத்தின் மற்றொரு பெயர்.

திருச்சபையின் பழைய கேள்வி

வீழ்ந்தவர்கள் திரும்பலாமா என்ற கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அத்தகைய சான்றிதழ்கள் சில எகிப்தின் மணலிலிருந்து இன்றும் கிடைத்துள்ளன. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். கொடுமை தணிந்ததும் இவர்கள் ஆலய வாயிலில் வந்து நின்றனர்.

ஒரு சாரார் எந்தக் கேள்வியும் இன்றி உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். உரோமையில் நொவாசியான் என்பவரோ இவர்களுக்கு மன்னிப்பே இல்லை என்றார். கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியானும் திருத்தந்தை கொர்னேலியுவும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டனர். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், மனம் வருந்தித் தவம் செய்வோருக்கு வாயில் திறந்தே இருக்கும் என்று முடிவு செய்தனர். விரைவிலேயே மற்றொரு துன்புறுத்தல் நெருங்கியபோது, தவக்காலம் முடியாதவர்களையும் உடனே ஏற்றுக்கொள்ளத் தீர்மானித்தனர். வரப்போகும் போராட்டத்துக்கு நற்கருணையின் வலிமை இல்லாமல் அவர்களை எப்படி அனுப்புவது என்பதே அவர்கள் எண்ணம். ஒருமுறை வீழ்ந்தவன் மறுமுறை நிற்கக்கூடும் என்று திருச்சபை நம்பியது.

சிப்பிரியானே அதற்குச் சான்று. தேசியுஸ் காலத்தில் அவர் நகரை விட்டு மறைந்து வாழ்ந்தவர். அதற்காகப் பழிச்சொல் கேட்டவர். அதே மனிதர் 258 செப்டம்பர் 14ஆம் நாள் வாளுக்குத் தலை கொடுத்தார்.

யாழ்ப்பாணமும் நாகசாகியும்

கன்னடக் கரையிலிருந்து நம் தமிழினத்துக்கு நீளும் ஒரு நூலும் உண்டு. பின்னாளில் சிறைபோன இதே மக்களின் முன்னோரிடையே, 1681 முதல் 1684 வரை, கோவாவைச் சேர்ந்த இளம் குருவானவர் ஒருவர் பணி செய்தார். அவரே புனித யோசேப் வாஸ். யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தனர். அங்கே தடை விதித்தவர்களும் கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்களே என்பதை மறக்கலாகாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லை. ஞானஸ்நானத்துக்கும் திருமணப் பதிவுக்கும் அரசின் சபைக்கே செல்ல வேண்டியிருந்தது. வெளிப்பார்வைக்கு அவர்கள் மாறிவிட்டவர்கள்.

1687இல் வாஸ் அடிகள் எளியவரின் கோலத்தில் அங்கே போய் இறங்கினார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மலர்கிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்த்தே தம் மந்தையை அடையாளம் கண்டார் என்று வரலாறு சொல்கிறது. சில்லாலை அவரது பணியின் மையமாயிற்று. புறத்தே மாறியவர்களைக் கண்டு அவர் கசந்துகொள்ளவில்லை. சாம்பலுக்குள் நெருப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கிழக்கே யப்பானில் இதே கதை இன்னும் நீண்டது. 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. கிறிஸ்துவின் உருவம் பொறித்த பலகையை மக்கள் ஆண்டுதோறும் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். நாகசாகியைச் சூழ்ந்த கிராமத்தார் மிதித்தனர். வீட்டுக்குத் திரும்பியதும், நம் முன்னோர் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று கற்றுக்கொண்டார்களே, அதுபோன்ற ஒரு செபத்தைச் சொல்லி அழுதனர். ஆண்டுக்கு ஒரு வீழ்ச்சி, ஆண்டுக்கு ஒரு திரும்புதல். இப்படி இருநூறு ஆண்டுகளுக்கு மேல், குருவானவரே இல்லாமல்! 1865 மார்ச் 17ஆம் நாள் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்குள் ஏழை எளியவர்கள் சிலர் தயங்கித் தயங்கி நுழைந்து, தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று குருவானவரின் காதோடு சொன்னார்கள். அந்தக் குருவானவர் பெர்னார் பெத்திஜான், துபுவாவின் அதே பாரிஸ் சபையைச் சேர்ந்தவர்.

அதன்பின் அரசு அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோரை நாடு கடத்தியது, நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். தலைமுறை தலைமுறையாக மிதித்தவர்களின் பிள்ளைகளில் பலர் இம்முறை மிதிக்க மறுத்தனர். வதை தாளாது தளர்ந்தவர்களும் உண்டு; 1873இல் தடை நீங்கியதும் அவர்களிலும் பலர் மீண்டனர். மறுபடி சோதனை வந்தால் மறுபடி வீழ்வார்கள் என்ற துபுவாவின் அச்சத்துக்கு அவரது சபையின் பணித்தளமே மறுமொழி தந்தது.

இரண்டு கரி நெருப்புகள்

மறைசாட்சிகளின் பெருமையைக் குறைப்பதற்காக இவற்றை எழுதவில்லை. 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரும், மூன்றாண்டு வதைக்குப்பின் 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு வீழ்ந்த, 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயமும் நம் வானத்து விண்மீன்கள். விண்மீன் வழிகாட்டும். ஆனால் விண்மீனைப் பார்த்து மட்டுமே நடக்கும் ஒருவன் பள்ளத்தில் விழுந்துவிட்டால், அவன் கையைப் பிடித்துத் தூக்க, தானும் அதே பள்ளத்திலிருந்து எழுந்து வந்த ஒருவன் வேண்டும். சீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பியவர்களுக்குத் திருநாள் இல்லை, சுரூபம் இல்லை, பெரும்பாலோருக்குப் பெயர்கூட ஏட்டில் இல்லை. அவர்கள் வழிவந்த மக்களே அவர்களது நினைவுச் சின்னம். மங்களூர்ப் பக்கம் இன்று தழைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையைப் பாருங்கள். அது வீழாதவர்கள் கட்டியதன்று, எழுந்தவர்கள் கட்டியது.

இன்று எவரும் நம் பிள்ளைகளை மலை தாண்டி ஓட்டிச் செல்வதில்லை. இந்த எல்லை நிலத்தில் விசுவாசத்துக்கு வரும் சோதனைகள் வேறு உடை உடுத்தி வருகின்றன. ஞாயிறும் திங்களும் தெரியாமல் சுழலும் ஆலை முறைவேலை; ஒப்பந்தம் முடிந்ததும் வெறுமையாகும் கை; மொழி தெரியாத ஊரில் வாடகை அறையின் தனிமை; பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கிய கடன், வட்டியாய்ப் பெருகும் கொடுமை. இவை எதுவும் ஒரே நாளில் எவரையும் மறுதலிக்கச் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செபத்தை உலர்த்திவிடுகின்றன. அப்படி உலர்ந்து போனவர்களில் ஒருவர் வாயிற்படி வரை வந்து நிற்கும்போது, பங்குச் சமூகம் என்ன செய்கிறது? நொவாசியானைப் போல் முகம் திருப்புகிறதா? வாஸ் அடிகளைப் போல் சாம்பலை ஊதிப் பார்க்கிறதா? 1997இல் பிறந்த இளைய மறைமாவட்டம் நம் தருமபுரி. வேறு வேறு ஊர்களிலிருந்து பெயர்ந்து வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே அது வளர்கிறது. இக்கேள்வியை அது எந்நாளும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

யோவான் நற்செய்தியாளர் ஒரு சிறு செய்தியை இரண்டு இடங்களில் எழுதி வைத்திருக்கிறார். பேதுரு தம் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த குளிரிரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் விடியற்காலையில் பேதுருவுக்காகக் காத்திருந்தபோதும், அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது. எந்த நெருப்பின் அருகே வீழ்ந்தாரோ, அதுபோன்ற நெருப்பின் அருகேதான் அவரை மூன்று முறை கேட்டு, மூன்று முறை எழுப்பினார். ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முதலில் உணவு கொடுத்துவிட்டே கேட்டார்.

வாயிற்படி ஓரத்தில் நின்ற அந்தச் சகோதரருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். பல மாதங்களுக்குப் பிறகு அவரைக் கண்டபோது, 1799இல் திரும்பி வந்தவர்களின் கதையை அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவங்கள எல்லாம் உள்ள சேத்துக்கிட்டாங்களா ஐயா?”

“சேர்த்துக்கொண்டார்கள்” என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன். சிலுவை அடையாளத்தைத் தடுமாறித் தடுமாறி வரைந்த அந்தச் சிறுவனின் கையைப் பிடித்து, நெற்றியிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து தோளுக்கும் அவர் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்.